ஷட்டருக்கு அடியில் நிற்பவள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ராக்கியண்ணன் வீட்டுக் கார் ஷெட்டின் ஷட்டர் கீழே இறங்க மாட்டேன் என்று மேலேயே நின்றுகொண்டது, அதை மலையடி நகரில் நாங்கள் யாரும் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் தெருவில் எதுதான் ஒழுங்காக ஓடியிருக்கிறது, ஸ்கூட்டர் சாவித் துவாரத்தில் சந்தனம் காய்ந்து கிடக்கும், மிக்ஸி சுவிட்சில் குங்குமம் அப்பியிருக்கும், ஒரு வருடம் ஒரு வீட்டில் பல்செட்டுக்குக்கூடப் பொட்டு வைத்துவிட, அங்கிருந்த பெரியவர் மத்தியானம் வரை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ராக்கியண்ணனின் மனைவி வசந்தாமணி செய்ததும் அதுதான். ஷட்டரின் இரண்டு பக்கமும் முழங்காலுக்குக் கீழே பொருத்தியிருந்த குட்டிக் கண்ணாடிக் கண்களுக்கு, குறுக்கே ஆள் நின்றால் பார்த்துச் சொல்லி ஷட்டரை நிறுத்துகிற அந்தச் சென்சார் கண்களுக்கு, சுவாமி படத்துக்கு வைப்பதுபோல நடு மத்தியில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தாள்.

வேறு யார் வீட்டு ஷட்டராக இருந்தாலும் சரி, ராக்கியண்ணன் வீட்டு ஷட்டர் மக்கர் செய்தது என்றால் அது செய்திதான். ஈரோடு போகிற சாலையில் மலையைப் பார்த்த மாதிரி வீடு கட்டிய மனிதர், போர்வெல் வண்டிகளை ஆந்திரா, சத்தீஸ்கர் என்று ஓட்டிச் சம்பாதித்துவிட்டு உட்கார்ந்தவர், ஊரில் பாதிப் பேர் விசேஷ நாளில் மலைக் கோயிலுக்குப் படியேறினால் இவர் மாதத்தின் முதல் ஞாயிறு ஏணியேறுவார். மோட்டாரை விடுவித்துவிட்டு ஷட்டரைக் கையால் பாதிக்குத் தூக்கிக் கையை எடுத்துப் பார்ப்பார், அது விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும், சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்குவார், ஓடுபாதையைக் காய்ந்த துணியால் துடைப்பார், பக்கத்து வீட்டுக்காரர்கள் போல அதில் தேங்காய் எண்ணெய் விட மாட்டார், விட்டால் மண் அப்பிக்கொள்ளும், தேங்காய் எண்ணெய் தலைக்குத்தான், ஷட்டருக்கு இல்லை என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். கடைசியில் ஒரு தேங்காயை வாசல் நடுவில் வைத்து ரிமோட்டை அழுத்துவார், ஷட்டர் இறங்கி வந்து தேங்காயைத் தொட்டதும் சுட்டுக்கொண்டதுபோல மேலே போக வேண்டும், போனால்தான் அன்றைக்குக் காபி. தேங்காய் பிறகு சட்டினிக்குப் போகும்.

இவ்வளவுக்கும் காரணம் அவருடைய ஒரே மகள் பிரவீணாவின் சுண்டுவிரல். முன்பு அந்த இடத்தில் கையால் இழுக்கும் பழைய ஷட்டர் இருந்தது, யாரும் எண்ணெய் காட்டாமல், யாரும் திரும்பிப் பார்க்காமல், ஒரு நாள் ஸ்பிரிங் அறுந்து பொத்தென்று விழுந்ததில் ஒன்றாம் வகுப்புப் படித்த பிள்ளையின் சுண்டுவிரல் நுனி போய்விட்டது. அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிய ராக்கியண்ணன், அதற்குப் பிறகு தெருவில் யார் வீட்டு ஷட்டர் கிறீச்சிட்டாலும் எழுந்து போய்ப் பார்க்கிற ஆளாகிவிட்டார். மகள்மேல் இருந்த பாசத்தை அவர் வாயால் சொல்லி நாங்கள் கேட்டதில்லை, எல்லாவற்றையும் கிரீஸாகத் தடவிவிட்டார்.

ஷட்டர் கம்பெனியிலிருந்து ஸ்டீபன் வந்தான். வாய் ஓயாத ஆள், பொட்டைப் பார்த்ததும் சிரித்தான்.

"ஏனுங்க்கா, கண்ணுமேலயே பொட்டு வெச்சா அது எப்பிடீங்க பாக்கும்?"

துடைத்தான், ஸ்பிரிட் போட்டு மறுபடியும் துடைத்தான், ரிமோட்டை அழுத்தினான். ஷட்டர் ஒரு சாண் இறங்கி, யோசித்து, மேலே போனது. சென்சாரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"குறுக்கால ஆளு நிக்குதுன்னு காட்டுதுங்ணா," என்றான்.

"ஆரு நிக்கறா? நீயா நானா?" என்றார் ராக்கியண்ணன்.

ஸ்டீபன் கண்களை நேர்ப்படுத்தினான், வேறு கண்களை மாட்டினான், அப்புறம் மோட்டாரை விடுவித்து ஷட்டரைக் கையால் இழுத்தான், அது வெண்ணெய்போல இறங்கி வந்து பாதி வழியில் எதன்மீதோ மெல்ல உட்கார்ந்ததுபோல நின்றது. இரண்டு பேராகத் தொங்கியும் அதற்குக் கீழே வரவில்லை. வசந்தாமணி அதுவரை தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து ஷட்டரின் விளிம்புக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். விளிம்பு அவள் தலைக்கு நாலு விரல்கடை மேலே இருந்தது. பிரவீணா அம்மாவைவிட நாலு விரல்கடை உயரம், அதைச் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பிள்ளை வளர்ந்தது. வசந்தாமணி உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வாசல் நடுவில் வைத்தாள்.

இந்த இடத்தில், தெருவே அறிந்த விஷயம்தான் என்றாலும், சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரவீணா தன்னோடு வேலை பார்த்த பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள், அவன் வேறு ஆட்கள், பங்காளிகள் கூடினார்கள், ராக்கியண்ணன் கத்தவில்லை, அடிக்கவில்லை, அப்படியானால் கிளம்பு என்றார். பிள்ளை ஒரு பையோடு கார் ஷெட் வழியாக வெளியே வந்தது, ஷட்டருக்கு நேர் கீழே நின்று திரும்பி, "போயிட்டு வர்றேன்ப்பா," என்றது. நம்மிடம் யார் அப்படிச் சொன்னாலும், வட்டிக்காரன் சொன்னாலும், "போயிட்டு வா" என்று பதில் சொல்லாமல் விடுகிறோமா? ராக்கியண்ணன் சொல்லவில்லை. பிள்ளை வெளியே அடி வைத்ததும் ரிமோட்டை அழுத்தினார். ஷட்டர் சத்தமே இல்லாமல் இறங்கியது, அவ்வளவு நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஷட்டர் அது.

"வேற ஒண்ணுமில்ல, வெடை குடுக்கல," என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லாண்டியம்மாள், எங்கள் தெருவில் நடப்பதற்கும் நடக்காததற்கும் அவள்தான் அத்தாரிட்டி. "போயிட்டு வர்றேன்னு சொன்னவளுக்கு ஒரு வார்த்த சொல்லல. போனது பாதி, நின்னது பாதி."

"அப்பறம் இத்தன நாளு எறங்குச்சே?" என்று கேட்டோம்.

"அது வெறுங்கண்ணு. ஆயுத பூஜையன்னிக்கு வசந்தா பொட்டு வெச்சாளே, செலைக்குக் கண்ணு தொறக்கற மாதர தொறந்துருச்சு. இப்பத்தான் அதுக்குத் தெரியுது."

அதோடு எங்களுக்கு விளங்கிவிட்டது, இனி அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. பால்காரர் அந்த வாசலைத் தாண்டும்போது "சித்த தள்ளிக்க கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் கேனை உள்ளே வைத்தார், கூரியர்க்காரன் செருப்பைக் கழற்றினான், கிரிக்கெட் பந்து அந்தப் பக்கம் போனால் பிள்ளைகள் "அக்கா, பந்து" என்று கூப்பிட்டுவிட்டு எடுத்தார்கள், ஐப்பசி மழை சாரலடித்தபோது வாசலெல்லாம் நனைந்து நடுவில் இரண்டு பாத அளவுக்குத் தரை காய்ந்திருந்ததைப் பார்த்து ஒருத்தி குடை கொண்டுவந்து விரித்து வைத்தாள், இன்னொருத்தி பச்சைப்பயிறு கடைந்து அந்தப் பிள்ளைக்குப் பிடிக்குமென்று கிண்ணத்தில் கொண்டுவந்தாள், கல்யாணத்துக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மட்டும் அந்த வீட்டு வழியைத் தவிர்த்துச் சுற்றிப் போனது, ஓட்டுக் கேட்டு வந்த ஒருவன் பழக்க தோஷத்தில் வெறும் வாசலையும் கும்பிட்டுவிட்டுப் போனான், அவனை மட்டும் நாங்கள் யாரும் குறை சொல்லவில்லை.

வசந்தாமணிக்குத்தான் சோறு இறங்கவில்லை. கண் திறந்தது இப்போதுதான் என்றால் அதற்கு முன்னால் தினம் தினம் மகள்மேல்தானே இறக்கினோம் என்ற நினைப்பு வந்ததிலிருந்து அவள் ஓர் இடத்தில் நிற்கவில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள், வாசலில் நின்றுகொண்டே பால் பொங்கும் வாசனைக்கு ஓடுவாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. இங்கே நிற்கிறவள் உயிரோடு இருக்கிறவள்தானா?

ராக்கியண்ணன் அவளைவிட மோசம். இரண்டு தெரு தள்ளித் திருட்டு நடந்திருந்தது, திறந்த ஷெட்டில் புதுக் கார் நின்றது, அதெல்லாம் அவர் வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு, குலதெய்வப் பொங்கலுக்கு வெள்ளிக்கிழமை எல்லோரும் அவர் வீட்டில் கூடிக் கிளம்புவது வழக்கம், அவ நிக்கற வாசலத் தாண்டி நாங்க வர மாட்டோம் என்று பங்காளிகள் போன் செய்துவிட்டார்கள். துரத்திவிட்ட மகளுக்கு ஊரே குடை பிடிக்கிறது என்பதும் அவரைச் சுட்டது. செல்லாண்டியம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "போயிட்டு வான்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டாத் தீந்துது, அவ பாட்டுக்குக் கெளம்பிருவா," என்றபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவளுக்கு எதுக்கு நான் வெடை குடுக்கோணும்? எறங்காத ஷட்டர எறக்க எனக்குத் தெரியும்."

ஸ்டீபனை வெள்ளிக்கிழமை விடியக்காலம் வரச் சொன்னார். சென்சாரைத் துண்டித்து ஒயரை நேராகச் சேர்த்துவிடு, டைரக்ட் பண்ணிவிடு என்றார். ஸ்டீபன் போனில் அதை இரண்டு தரம் திருப்பிக் கேட்டான், எங்கள் தெருவில் எவனாவது டைரக்ட் பண்ணச் சொன்னால் ஏணியோடு அவன் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டவர் இவர்தான்.

"டைரக்ட் பண்ணுனா அடியில என்ன இருந்தாலும் நிக்காதுங்ணா. மோட்டாரு அமுக்கிக்கிட்டே போயிரும்."

"அடியிலதான் ஒண்ணுமில்லையே," என்றார் ராக்கியண்ணன்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த வசந்தாமணி நேராகச் செல்லாண்டியம்மாள் வீட்டுக்குப் போனாள். பிரவீணாவோடு பேசக் கூடாதென்று கணவர் போட்ட உத்தரவை இரண்டு வருடம் அவள் மீறியதில்லை, அந்த நம்பர்கூட அவளிடம் இல்லை, ஆனால் செல்லாண்டியம்மாளிடம் இல்லாத நம்பர் உண்டா? ஓசூரில் இருந்தது பிள்ளை. "அம்மா" என்ற குரலைக் கேட்டதும் வசந்தாமணி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள், உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குதும்மா. காலுதான். எந்நேரமும் நின்னுட்டே இருக்கற மாதர வலி. படுத்துட்டு இருந்தாலும் நிக்கற மாதரயே இருக்குது. டாக்டரு ஒண்ணுமில்லீங்கறாரு."

"எப்பருந்து கண்ணு?"

"வந்ததுல இருந்தே. முன்னெல்லாம் பொழுது சாய்ஞ்சா தோளு மேல என்னமோ பாரம் வந்து எறங்கும், மூச்சு முட்டும். ஆயுத பூஜைக்கு அப்பறம் அது மட்டும் இல்ல."

பொழுது சாயும் நேரத்தில்தான் ராக்கியண்ணன் தினமும் ரிமோட்டை அழுத்துவார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஷட்டர் இறங்கிவிட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். வாசலில் ஷட்டர் நின்ற கதை முழுவதையும் மகளிடம் சொல்லிவிட்டுத்தான் வசந்தாமணி போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஸ்டீபன் வந்து ஏணியைச் சாய்த்தபோது தெருவே வாசலில் நின்றது. வசந்தாமணி ஷட்டருக்கு நேர் கீழே, தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"ஏ புள்ள, தள்ளு," என்றார் ராக்கியண்ணன்.

"தள்ள மாட்டனுங்க. அழுத்துங்க. ரெண்டு பேரு மேலயும் சேந்தே எறங்கட்டும்."

கல்யாணமான நாள் முதல் அவள் அவரிடம் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. பிறகு அவள் கால் வலியைச் சொன்னாள், பொழுது சாய்ந்தால் தோளில் இறங்கிய பாரத்தைச் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் அவரை மட்டும் பார்த்துச் சொன்னாள். ஸ்டீபன் ஏணியில் பாதி ஏறியவன் அப்படியே இறங்கி வந்துவிட்டான். ராக்கியண்ணன் கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தார், தேங்காய்க்குக்கூட நிற்கிற ஷட்டரைத் தினம் தினம் தன் கையாலேயே எதன்மேல் இறக்கினோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும், முகம் கறுத்துவிட்டது, வீட்டுக்குள் போய்விட்டார். பாவி மனிதன், கல்நெஞ்சன் என்று நாங்கள் பேசத் தொடங்கிய நேரத்தில் அவர் ஹாலில் இருந்த தன்னுடைய சாய்வு நாற்காலியை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார், யாரையும் உட்கார விடாத நாற்காலி, அதை ஷட்டருக்கு அடியில் போட்டு, துண்டால் தூசி தட்டினார்.

"உக்காரு," என்றார் வெற்றிடத்தைப் பார்த்து.

நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. செல்லாண்டியம்மாளின் கையில் இருந்த போன் அடித்தது, ஓசூரிலிருந்து, அம்மாவிடம் சொல்லுங்கள், இப்போதுதான் திடீரென்று கால் வலி குறைந்தது என்று. அதை அவள் தெருவுக்கே அறிவித்தாள்.

பங்காளிகளின் வேன் தெருமுனையில் வந்து நின்றது. அவர்கள் இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராக்கியண்ணன் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார், நாற்காலியை ஒரு முறை பார்த்தார். செல்லாண்டியம்மாள் சும்மா இருப்பாளா, "இப்பவாச்சும் சொல்லுங்க, போயிட்டு வான்னு. ஒரே வார்த்த. அவளும் போயிருவா, ஷட்டரும் எறங்கிரும், அவிகளும் உள்ள வருவாங்க," என்றாள். அது உண்மை என்று எங்களுக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தையில் எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடும், பொங்கல் நடக்கும், கார் பத்திரமாக இருக்கும், நாங்களும் அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

ராக்கியண்ணன் தொண்டையைச் செருமினார்.

"போயிட்டு…" என்றார்.

அதற்கு மேல் வரவில்லை. அவர் வாய் திறந்தபடி நின்றார், நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், வேனில் இருந்தவர்களும் கழுத்தை நீட்டினார்கள். அவர் கண்ணில் தண்ணீர் முட்டியதை அன்றுதான் பார்த்தோம்.

"வா," என்றார். "உள்ள வா சாமி."

சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. அவ்வளவுதான், வேறு மின்னல் இடி ஒன்றும் இல்லை. வசந்தாமணி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள், தண்ணீர்ச் சொம்பையும் எடுத்துக்கொண்டாள், பின்னால் யாரோ வருவதற்கு வழி விடுவதுபோல ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். வேன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்வாங்கிப் போயிற்று. ஸ்டீபன் ரிமோட்டை அழுத்தினான், ஷட்டர் மேலிருந்து தரை வரை ஒரு முனகல் இல்லாமல் இறங்கியது, பிள்ளைகள் கை தட்டினார்கள். எங்களுக்கு என்னவோ சப்பென்று போய்விட்டது, நல்லது நடந்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே பக்கவாட்டு வாசல் வழியாக எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்தோம், பங்காளிகளுக்கு வைத்திருந்த காபியை நாங்கள் குடித்தோம்.

ராக்கியண்ணன் தன்னுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தவர் முட்டியைத் தடவினார், காலை மாற்றி மாற்றி நீட்டினார், எழுந்து நடந்து பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

"என்னுங்க, காலு வலிக்குதா?" என்றாள் வசந்தாமணி.

"ரொம்ப நேரம் நின்ன மாதர இருக்குது."

அப்போது போன் அடித்தது. இந்த முறை வசந்தாமணியின் போனுக்கே வந்தது, எல்லோரும் கேட்கட்டும் என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள். பிரவீணாவின் குரல் பரபரப்பாக இருந்தது.

"அம்மா, எனக்குக் கால் வலி சுத்தமா இல்ல. ஆனா இங்க ஒண்ணு நடக்குது. வாசக் கதவச் சாத்த முடியல. அவரும் தள்ளிப் பாத்துட்டாரு, பாதிக்கு மேல வர மாட்டேங்குது. யாரோ பெரிய ஆளு குறுக்கால நிக்கற மாதர இருக்குது."

நாங்கள் காபி டம்ளரைக் கீழே வைத்தோம். வசந்தாமணி கணவரைப் பார்த்தாள், அவர் தன் முட்டியைப் பார்த்தார்.

"நீ என்ன கண்ணு சொன்னே?" என்றாள் வசந்தாமணி.

"இன்னும் ஒண்ணும் சொல்லலம்மா."

"முட்டி தேஞ்ச மனுசன் சாமி. உக்காரவாச்சும் சொல்லு. ஒரு சேரு எடுத்துப் போடு."

போனில் தூரத்தில் எங்கேயோ ஓசூர் சாலையில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது, அதைக்கூட நாங்கள் உன்னிப்பாகக் கேட்டோம்.

"கொஞ்ச நேரம் நிக்கட்டும்மா," என்றாள் பிரவீணா.

ராக்கியண்ணன் நாற்காலியின் கைகளைப் பிடித்து ஊன்றி எழுந்தார், எங்கள் எல்லோர் நடுவிலும் ஹாலில் நேராக நின்றார்.

"நிக்கறேன்னு சொல்லு," என்றார்.